கழுத்து வெட்டாத உருண்டைகள்

மேல்கிளையில் தொங்கிய கண்ணாடி உருண்டை ஒன்றில் பனி பிடித்திருந்தது. ஜோஸ்பின் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தாள். போகவில்லை. விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். அப்போதும் போகவில்லை. பனி உள்பக்கம் இருந்தது.

மாலை ஐந்துகூட ஆகவில்லை. ஆனால் மழை காலையிலிருந்தே விடாமல் பெய்ததில் கூடத்தில் விளக்கு போட வேண்டியிருந்தது. சாத்திய ஜன்னலுக்கு இந்தப்பக்கம் சவுக்குக் கிளையின் பிசின் வாசனையும், காயாத துணிகளின் புழுக்கமும், பாயில் தூங்கிய பாஸ்கலின் மார்பில் தடவிய தைல நெடியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒன்றரை வயதுப் பிள்ளை. சளி. மூச்சு இழுத்து விடும்போதெல்லாம் தொண்டையில் 'கர்' என்றது. நேற்றிலிருந்து அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டேதான் அவள் சமைத்தாள், துவைத்தாள்.

அவள் பயந்த சுபாவம்தான், யார் இல்லை என்றார்கள்? கிறிஸ்துமஸ் குடில் வைப்பதற்கு முன்பே மரத்துக்கு ஆயிரம் ஏற்பாடு செய்தாயிற்று. சாயாமல் இருக்க வாளியில் மணலோடு கருங்கல். பிள்ளைக்கு எட்டும் கிளைகளில் பஞ்சும் காகித நட்சத்திரமும் மட்டும். கண்ணாடி எல்லாம் அவள் தோளுக்கு மேலே. விழுங்கிவிடுவானோ என்று கம்பிக் கொக்கிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நூலால் கட்டினாள். சீரியல் பல்புக்குப் பக்கத்தில் பஞ்சு கிடையாது, படுக்கும்முன் சுவிட்சை அணைத்தாக வேண்டும். "மரத்துக்கே இன்சூரன்ஸ் போடுவ போல" என்று அவள் புருஷன் லூர்து பிரகாஷ் கிண்டல் செய்தான்.

அந்தப் பதினான்கு உருண்டைகளையும் அவன்தான் கொண்டுவந்திருந்தான். காட்டேரிக்குப்பம் ரோட்டில் கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான் செய்யும் பட்டறையில் அவனுக்குப் பேக்கிங் வேலை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி வாயால் ஊதுவார்கள். உருண்டை உப்பி வந்ததும் உள்ளே வெள்ளிப் பூச்சு ஊற்றி, வெளியே சாயத்தில் முக்கி, கழுத்தை வெட்டித் தகர மூடி போடுவார்கள். இவற்றுக்கு அது எதுவும் நடக்கவில்லை. வெறும் கண்ணாடி. கழுத்தை நெருப்பிலேயே மூடி வளையமாக வளைத்திருந்தது. வெட்டிய விளிம்பு இல்லை, கையைக் கிழிக்காது என்று ஜோஸ்பினுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூடிய உருண்டைக்குள் ஈரம் எப்படிப் போகும்?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து உருண்டையும் மங்கியது. அடியிலிருந்து மேலாக, கண்ணாடியில் யாரோ வாய் வைத்து ஊதியதுபோல. அதே நேரத்தில் பாயிலிருந்து வர வேண்டிய 'கர்' வரவில்லை. அவள் திரும்பினாள். பிள்ளையின் மார்பு அசையாமல் இருந்தது. பிறகு அசைந்தது. கர்.

அவள் அப்படியே நின்று கவனித்தாள். கர். கர். கர். நின்றது. மூன்றாவது உருண்டை மங்கியது. கர்.

போனை எடுத்து லூர்துவுக்கு அடித்தாள்.

"ஏங்க, இந்த உருண்டைங்கள யாரு ஊதினது?"

"இன்னா, ஒடைச்சிட்டானா?" லூர்துவின் குரலுக்குப் பின்னால் ஹார்ன் சத்தம்.

"யாரு ஊதினதுன்னு கேக்கறேன்."

"குமரவேலண்ணன். போன மாசம் செத்தாரே, அவரு."

குமரவேலை அவளுக்குத் தெரியும். இருபது வருஷம் ஊதிய மனுஷன். கடைசியில் நாலு படி ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறாள்.

"கடைசி நாளு ஊதினதுடி. ஊதினத அன்னிக்கே கழுத்த வெட்டிடணும், மூச்ச உள்ளார வுட்டுட்டு வூட்டுக்குப் போவக்கூடாதுன்னு அங்க ஒரு பழக்கம். அவரு வெட்டாம மூடி வச்சிட்டாரு. அன்னிக்கு நைட்டே மூச்சு நின்னுபோச்சு. அப்புறம் ஒருத்தனும் தொடல. குப்பைல போடறத்துக்கு நம்ம புள்ளைக்காச்சும் ஆவட்டுமேன்னு..."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மாட்ட வுட்டிருப்பியா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போனை விட்டெறிந்திருப்பாள். "புள்ளைக்கு மூச்சு வுட்டுவுட்டு வருது. வாங்க நீங்க!"

"மூலக்குளத்துல மாட்டிக்கினேன், ரோடெல்லாம் தண்ணி. இருவது நிமிஷத்துல வந்துடறேன்."

போனை வைத்தபோது ஆறு மங்கியிருந்தன. மங்கியது எதுவும் தெளியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

பாஸ்கலை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெரு தெரியவில்லை. முழங்கால் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர், அதில் மிதந்துபோகும் ஒற்றைச் செருப்பு. பக்கத்து வீட்டு ராமாயி திருக்கனூருக்குப் போயிருந்தாள், கதவில் பூட்டு. "அக்கா! யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினாள். மழைதான் கேட்டது. 108-க்கு அடித்தாள். வண்டி கிளம்பிவிட்டது, வில்லியனூர் ரோட்டில் தண்ணீர், கொஞ்சம் தாமதமாகும் என்றார்கள்.

தோளில் கர். நீண்ட இடைவெளி. கர்.

வெளியே வந்தும் குறையவில்லை. கதவு வழியாகத் திரும்பி மரத்தைப் பார்த்தாள். பத்து. பதினொன்று.

கர் வரவில்லை.

உள்ளே ஓடிவந்து, பழக்கத்தில் கதவைத் தாழிட்டு, பாயில் கிடத்தினாள். "பாஸ்கலு, டேய், கண்ணத் தொறடா." உதடு வெளுத்திருந்தது. பிறகு நீலம். அந்தோணியாரே, அந்தோணியாரே என்று வாய் தானாகச் சொன்னது. மூக்கைப் பிடித்தாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

மார்பு எழும்பவில்லை.

மறுபடி ஊதினாள். அவள் மூச்சு போனது. தன் நெஞ்சு காலியாவது அவளுக்கே தெரிந்தது. பிள்ளைக்குள் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

மரத்தில் தெளிவாக இருந்த கடைசி உருண்டை மங்கிக்கொண்டிருந்தது.

பதினான்கும் வெள்ளை.

பாய்ந்து அதைப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்தது. கைக்குள் அது சூடாக இருந்தது, காய்ச்சல் நெற்றியின் சூடு. அருவருப்பில் கை உதறியது. தரையில் விழுந்து நொறுங்கியது.

பாயில் பிள்ளை 'ஹக்' என்று இழுத்தான்.

ஒரே ஒரு மூச்சு. நீலம் கொஞ்சம் வடிந்தது. மார்பு இறங்கியது. அப்படியே நின்றது.

ஜோஸ்பினுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

அடுத்ததைப் பறித்தாள். உடைத்தாள். ஹக். இன்னொன்று. ஹக். கண்ணாடி உள்ளங்கையில் ஏறியது. காலில் ஏறியது. பிள்ளை மேல் தெறித்துவிடக் கூடாதே என்று அவன் முகத்துக்கு ஒரு கையால் மறைப்பு வைத்துக்கொண்டுதான் உடைத்தாள்.

பதினொன்று மிச்சம். அவசரப்படக் கூடாது. இதை நீட்டிக்க வேண்டும். எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? உதட்டைப் பார்த்தாள். வெளுப்பு. பொறு. நீலம். பொறு, இன்னும் கொஞ்சம். இப்படி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. நகம் கறுத்தது. உடைத்தாள். ஹக்.

ஐந்து.

ஆம்புலன்ஸ் சத்தமா? இல்லை. மழை.

மூன்று.

கரண்ட் போனது. ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் உதட்டின் நிறம் சரியாகத் தெரியவில்லை. குனிந்து, கிட்டப் போய்ப் பார்த்தாள். உடைத்தாள்.

இரண்டு. உடைத்தாள்.

வாசலில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பைக் வந்து நின்றது. கதவு தடதடத்தது.

"ஜோஸ்பின்! கதவத் தொறடி! புள்ள எப்பிடி இருக்கான்?"

அவள் எழுந்திருக்கவில்லை. ரத்தம் வழியும் இரண்டு கைகளுக்கும் நடுவே, சூடாக, வெள்ளையாக, ஒரே ஒரு உருண்டை.

பாஸ்கல் கண் விழித்திருந்தான். அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.