இன்னும் உரக்கப் பாடுங்கள்

டைப் அடிப்பதை நிறுத்திய பிறகும் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

மூன்று தட்டுகள் கூடுதலாக விழுந்தன. ஒத்தீலியா விசைகளுக்கு மேலே விரல்களை அந்தரத்தில் வைத்தபடி காத்திருந்தாள். இரும்பு எழுத்து தாளில் விழும் சத்தம் அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாக இந்த அறையில் அதைத் தவிர வேறு துணை இல்லை. இது மரத்தின் மேல் மரம் விழுந்த சத்தம். வறண்டு, அவசரமாக, யாரோ வெகுநேரம் தட்டிக் கை ஓய்ந்துபோய் விட்டுவிட்டதைப் போல. சுவரில் ஊறிய மெழுகு வாசனையும், மண்ணெண்ணெய் அடுப்பின் நாற்றமும், வெளியே ஈரத்தில் அழுகிக்கொண்டிருந்த கஷ்கொட்டை இலைகளின் புளித்த வாடையும் அந்த அறையிலேயே குடியிருந்தன. இன்று அவற்றுக்கு அடியில் இன்னொன்று. அணைந்துபோன அடுப்பைக் கிளறினால் எழும் ஆறிய சாம்பலின் வாசனை.

பிற்பகல் மூன்றரைதான் ஆகியிருந்தது. நவம்பர் மூடுபனியில் ஜன்னல் கம்பிக்கு அப்பால் பள்ளத்தாக்கே காணாமல் போயிருந்தது.

"மறுபடியும் சாம்பல்!"

கித்தேரியா வாசலில் நின்றாள், கையில் விளக்குமாறும் இடுப்பில் சாவிக்கொத்துமாக. வால்ஃப்ரியோ மடத்தைக் கூட்டிப் பூட்டுவது இருபது வருடமாக அவள் வேலை. "ஏன்டி, நீ சிகரெட்டு பிடிக்கிறியா, இல்ல ரயில் இன்ஜின் மாதிரி புகையிறியா? காலைலதான் கூட்டினேன். இப்ப பாரு."

"நான் பிடிக்கிறதில்ல அத்தை. இது மண்ணெண்ணெய் அடுப்பு. இதுல எங்கேர்ந்து சாம்பல் வரும்?"

"அப்ப மோட்சத்துலேர்ந்து கொட்டுதா? படிச்சவங்களுக்கு என்ன, கூட்டறதுக்கு ஒருத்தி இருக்கா."

"எங்கம்மாவும் அடுத்தவங்க அழுக்க வெளுக்கறவதான். என்னைய அந்தப் பக்கம் தள்ளாதீங்க."

"தெரியும்டி. அதனாலதான் உன்னைய மட்டும் திட்டுறேன். மத்தவங்களத் திட்டினா வேலை போயிடுமே." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு குனிந்தாள்.

ஒத்தீலியாவும் குனிந்து பார்த்தாள். சாம்பல் சிதறிக் கிடக்கவில்லை. ஒரு முழ அகலத்தில் நீளமாக ஒரு பட்டை, அதன் குறுக்கே இன்னொரு பட்டை. யாரோ உள்ளங்கையால் தடவித் தடவிச் சமன் செய்திருந்தார்கள். இன்னும் சரியாகப் பார்ப்பதற்குள் விளக்குமாறு போய்விட்டது.

அந்தச் சிலுவையை அவளுக்குத் தெரியும். அவளே அதைப் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள்.

மடத்துக்கு எண்ணூறாவது ஆண்டு விழா வருகிறது. அதற்காக வரலாறு எழுத லத்தீன் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. சலவைக்காரி மகளுக்கு லத்தீன் தெரிந்திருந்தது. மூன்றாம் அத்தியாயம் மடத்தின் சாவுப் பலகையைப் பற்றியது. ஒரு துறவி சாகும் நேரம் நெருங்கினால் தரையில் சாம்பலைச் சிலுவையாகப் பரப்பி, மேலே சாக்குத் துணி விரித்து, அவரை அதில் கிடத்துவார்கள். பிறகு ஒருவர் மரப்பலகையைக் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் விடாமல் அடிப்பார். அது காதில் விழுந்தவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும், விசுவாசப் பிரமாணம் என்ற செபத்தைச் சொல்லிக்கொண்டே. யாருக்கு, ஏன் என்று கேட்கக் கூடாது. வேறு எதற்காகவும் அந்தப் பலகையைத் தொடக் கூடாது. அடித்துவிட்டால், சாகிறவரின் மூச்சு நிற்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. இந்த மடத்தில் யாரும் தனியாகச் சாகக் கூடாது. அதுதான் விதி.

அழகான விதி. வாசித்தபோது அவளுக்கே கண் கலங்கியது. அடுத்த பக்கத்தைப் புரட்டும்வரை.

மடத்தில் இரண்டு சாதித் துறவிகள் இருந்தார்கள். முகம் மழித்தவர்கள் பெரிய வீட்டுப் பிள்ளைகள், பாடினார்கள், படித்தார்கள். தாடி வைத்தவர்கள் உழுதார்கள், மாடு மேய்த்தார்கள், தோல் பதனிட்டார்கள். தாடிக்காரர்களுக்குத் தனி வாசல், தனிச் சாப்பாட்டுக்கூடம், தனி இடுகாடு. அவர்கள் புத்தகத்தைக் கையால் தொடக் கூடாது. நான்கு செபங்களைத் தவிர வேறெதையும் கற்கக் கூடாது, அவற்றையும் காதால் கேட்டு மனப்பாடமாக மட்டும். அந்த வரியைப் படித்த அன்று ஒத்தீலியா எழுந்து போய் முற்றத்தில் நின்று, கிணற்றுக்குள் கெட்ட வார்த்தை சொன்னாள். அவள் அப்பா சாகும்வரை கட்டைவிரல் ரேகைதான் வைத்தார்.

ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தெட்டாம் வருடம் கொள்ளைநோய் முதலில் தாடிக்காரர்களிடம் வந்தது. அவர்களுடைய கட்டடத்துக்கும் மடத்துக்கும் இடையில் ஒரே ஒரு வளைவு வாசல். மடாதிபதி அவர்களுடைய வெளி வாசலையும் அந்த வளைவையும் கருங்கல் வைத்து அடைத்தார். உள்ளே நாற்பத்தொரு பேர்.

அந்த அடைத்த வளைவு இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அறைக்கு ஒரே கதவு, அது எதிரே, தேவாலயத்துக்குப் போகும் நடையில் திறந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் பழைய பலகை, கயிற்றில் கொட்டாப்புளி, கீழே விழாவுக்காக எழுதி ஒட்டிய சீட்டு.

"என்னம்மா ஒத்தீலியா, இதுல ஒரு கையெழுத்து போடு."

அபீலியோ சாமி உள்ளே வந்தார். விழாக்குழுத் தலைவர். கையில் அச்சகத்திலிருந்து வந்த ஐந்தாம் அத்தியாயத்தின் அச்சுப்படி, நெஞ்சுப் பையில் ஒரு கடித உறை. அச்சுப்படியை அவள் முன் மேசையில் வைத்தார்; அவள் வாசித்தாள்.

"சாமி, இத நான் எழுதல." அவள் விரல் வைத்த இடத்தில் அச்சாகியிருந்தது: 'தாடி வைத்த சகோதரர்கள் மற்றவர்கள் வாழ வேண்டும் என்று தாமாகவே விரும்பித் தம்மை அடைத்துக்கொண்டு உயிர் துறந்தார்கள்.'

"நான்தான் கொஞ்சம் சரிபண்ணேன்."

"அந்தக் குறிப்புல இருக்கறது என்ன, நீங்க எழுதினது என்ன? அவங்க பக்கத்துல இருந்த பலகைய அடிச்சிருக்காங்க சாமி. பத்தொம்பது நாளு. இங்க இருந்தவன் எல்லாருக்கும் கேட்டிருக்கு."

பழைய பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டியிருந்த தோல்துண்டை அவள்தான் கண்டுபிடித்தாள். பெயர் போடாத ஒரு துறவி பத்தொன்பது நாளும் எழுதிய குறிப்பு. 'பதினேழாம் நாள். இன்றும் பலகை. அதிபர் இன்னும் உரக்கப் பாடச் சொன்னார்.'

"ஒரு துண்டுத் தோலு. அத வெச்சுக்கிட்டு மடத்துக்குக் கொலைகாரப் பட்டம் கட்டுவியா? பிஷப் வராரு, மந்திரி வராரு."

"நாப்பத்தோரு பேருல ஒருத்தன் பேரு கூட இறந்தவங்க புத்தகத்துல இல்ல."

"பேரு தெரிஞ்சாத்தானே போட முடியும்?" சாமி சிரித்தார். பிறகு நெஞ்சுப் பையைத் தட்டினார். "குருமடப் பள்ளிக்கூடத்துல லத்தீன் டீச்சர் வேலை. ஜனவரில சேரலாம். சிபாரிசு எழுதிட்டேன். உங்கம்மா என் பூசை அங்கிய வெளுத்து வெளுத்துதான் உன்னையப் படிக்க வெச்சா. ஒரு நாளும் எதுத்துப் பேசினதில்ல, பாவம். அவ கைக்கு இனியாவது ஓய்வு வேணாமா? நீயே யோசி."

அவளுக்குக் காது மடல் எரிந்தது. அவர் கதவுப்பக்கம் போனார்.

"நாலு மணிக்கு ரேடியோக்காரங்க பசங்க பாட்டப் பதிவு பண்றாங்க. உன் மிஷின் சத்தம் கேக்கக் கூடாது. அரை மணி நேரம் கதவப் பூட்டி வெக்கச் சொல்லியிருக்கேன். நான் வரும்போது கையெழுத்து இருக்கணும். இல்லேன்னா என் பேருல போகும், கடிதம் அடுப்புல போகும்."

கித்தேரியா சாவியைத் திருப்புவதற்கு முன் தலையை மட்டும் நீட்டினாள். "போட்டுத் தொலைடி. செத்தவனுக்கு என்ன, சோறா கேக்கப் போறான்? ராத்திரி மார்த்தீனு திருநாளு, புது ஒயினு இருக்கு, கஷ்கொட்டை சுடுறேன், வா."

பூட்டு விழுந்தது.

அவள் உட்கார்ந்தாள். அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. சவுக்காரத் தண்ணீரில் வெடித்து, விரல் மடங்காமல், ரொட்டியைப் பிய்க்கக்கூட முடியாத கை. அபீலியோ சாமியை வெறுத்தாள். தன்னை அதைவிட வெறுத்தாள். பேனாவை எடுத்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, தன் முழுப்பெயரையும் எழுதினாள்.

சுவருக்கு அப்பால் பாட்டு தொடங்கியது. இளம் குரல்கள், சுத்தமாக, குளிர்ந்த நீர் போல.

கையெழுத்தின் மேல் ஏதோ விழுந்தது. சாம்பல் துகள். ஊதினாள். மறுபடி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள், கூரை வெறும் கருங்கல்.

தட்.

முதுகுக்குப் பின்னால். வளைவிலிருந்து.

தட். தட்.

அவள் டைப் அடிக்கவில்லை. யாரும் டைப் அடிக்கவில்லை. தட் தட் தட் என்று அது வேகம் பிடித்தது, நின்று, தடுமாறி, மறுபடி தொடங்கியது. அடிக்கும் கை மாறுவது அவளுக்குப் புரிந்தது. ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் வாங்கி அடிக்கிறார். கடைசியாக வாங்கிய கைக்குப் பலமே இல்லை.

"கதவத் திறங்க!" கத்தினாள். "அத்தை! கித்தேரியா அத்தை!"

பழைய மரக்கதவு, ஒரு சாண் கனம். அவள் குரல் அதைத் தாண்டிப் பாட்டுக்கு மேல் எழவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. உள்ளங்கையால் அடித்தாள். முட்டியால் அடித்தாள். அடுப்பு அணைந்தது. பின்னால் தட்டுவது நெருங்கியது போல இருந்தது, ஆனால் சுவர் எப்படி நெருங்கும்? சாம்பல் வாசனை தொண்டையில் இறங்கியது. கைக்கு அகப்பட்டது கொட்டாப்புளி. யோசிக்கவில்லை. பலகையை அடித்தாள். ஓங்கி, விடாமல், தோள் வலிக்க, நடை முழுவதும் அதிரும்படி.

பின்னால் தட்டுவது நின்றது.

சட்டென்று.

அவளும் நிறுத்தினாள். கை அப்படியே காற்றில் நின்றது.

என்ன செய்துவிட்டாள்?

வேறு எதற்காகவும் தொடக் கூடாது. காதில் விழுந்தவர்கள் ஓடி வர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர்கள், படிக்க விடாமல் வைத்தவர்கள், எதையும் மனப்பாடமாக மட்டுமே வைத்திருந்தவர்கள். மனப்பாடம் மறக்காது.

வளைவுக்கு அப்பால் மரக்காலணிகள்.

ஒன்று. பத்து. எல்லாம். கருங்கல் தரையில்.

ஓடி வருகின்றன.

"திறங்க!"

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். கதவிடுக்கில் அபீலியோ சாமியின் தாழ்ந்த, எரிச்சலான குரல். "என்ன சத்தம் அது?"

"அந்தப் பொண்ணுதான் சாமி. பலகைய அடிக்குது. திறக்கட்டுமா?" கித்தேரியாவின் சாவிக்கொத்து குலுங்கியது.

"சாமி! திறங்க சாமி! இங்க..."

"வேணாம். கோவத்துல பண்றா. ரேடியோக்காரங்க எதிர்ல மானத்த வாங்கப் பாக்குறா." கதவை விட்டுச் செருப்பு திரும்பியது. "போய்ப் பசங்ககிட்ட சொல்லு. இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடச் சொல்லு."

செருப்புகள் போய்விட்டன.

காலணிச் சத்தம் ஓய்ந்திருந்தது. அறைக்குள் முணுமுணுப்பு மட்டும். விசுவாசப் பிரமாணம். லத்தீன்தான், ஆனால் காதால் கேட்டுக் கற்றது, சொற்கள் உடைந்து, தப்பான இடத்தில் ஒட்டிக்கொண்டு. நாற்பத்தொரு குரல். எல்லோருக்கும் அதே தப்பு.

திரும்பினாள்.

வளைவின் கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவர்கள் இந்தப் பக்கம் இருந்தார்கள். மண்டியிட்டு, வட்டமாக, தாடியெல்லாம் சாம்பல். நடுவில் தரையில் சிலுவை. நீளமான பட்டை அவள் உயரம்தான், ஒரு விரல் கூடவில்லை, குறையவில்லை. ஒருவர் சாக்குத் துணியை உதறி அதன் மேல் விரித்தார். இன்னொருவர் தலை வைக்கும் இடத்தில் சாம்பலைத் தட்டி மெத்தென்று ஆக்கினார், காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தலையணை தட்டுவதைப் போல. அந்த முகங்களில் அவள் கோபத்தைத் தேடினாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். கூப்பிட்டாய், வந்துவிட்டோம் என்ற அக்கறை மட்டும் இருந்தது. மூச்சு நிற்கும்வரை போக மாட்டோம் என்ற பொறுமை இருந்தது.

எல்லோரிலும் வயதானவர் மேசையிலிருந்து அச்சுப்படியை எடுத்து வந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். கறுத்த விரலை வரிகளின் மேல் வைத்து, அவள் கையெழுத்தின் மேல் வைத்து, பிறகு அவள் வாயைப் பார்த்தார்.

செபம் நின்றது. நாற்பத்தொரு முகங்களும் அவள் பக்கம் நிமிர்ந்தன, படித்துக் காட்டச் சொல்லி.

சுவருக்கு அப்பால் பாட்டு உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது.