வில்லோப் புதருக்குள் ஒரு குரல்

"இஞ்சை காத்தே இல்லை அண்ணை" என்றாள் சுஜாந்தி. ஆனால் தொலைபேசியை ஒட்டிய கலைமாறனின் காதில் இலைகள் விடாமல் சலசலத்துக்கொண்டிருந்தன.

2011 ஒக்ரோபர், காலை பத்து மணி. பாரிஸின் லா சப்பல் கடைத்தெருவில் அவன் வேலை செய்த தொலைபேசிக் கடைக்குள் பக்கத்துக் கடையில் றோல்ஸ் பொரியும் மணம் வந்தது. வன்னியிலிருந்து புறப்பட்ட தங்கை ஐந்து மாதம் அலைந்து, இத்தாலி எல்லை மலையைத் தாண்டிப் பிரான்சுக்குள் வந்துவிட்டாள். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பாலம் வரும் என்று சொல்லி, ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் அவளை விடிகாலையில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். ஓடைக்கரை நெடுக வில்லோப் புதர். ஆளுயரம், விரல் பருமன், விலக்கிவிட்டால் திரும்பி வந்து முகத்தில் அறையும் கிளைக்கொம்புகள்.

"தண்ணிச் சத்தத்தை விடாதை. அதோடையே வா."

"சத்தம் ரெண்டு பக்கமும் கேக்குது. வந்த வழியும் மூடிப்போச்சு."

அவன் மறுகாதைப் பொத்திக்கொண்டான். அவளுடைய மூச்சு, சேறு சப்பாத்துக் காலை உறிஞ்சும் ஒலி, தண்ணீர் கல்லில் மோதிச் சிதறும் இரைச்சல், அவற்றுக்கு அடியில் ஈரக் கொம்புகளை யாரோ உரசிக்கொண்டு அவள் நடந்தால் நடப்பதும், அவள் நின்றால் நிற்பதும் கேட்டன.

"ஆரும் பக்கத்திலை வருகினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"சுஜா."

அது தொலைபேசிக்குள்ளிருந்து கேட்டது.

"ஓம் அண்ணை?"

"நான் கூப்பிடேல்லை."

"இப்பதானே கூப்பிட்டியள்." அவள் நின்றாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக, "வந்திட்டியளோ! சொல்லவே இல்லை!"

"நான் கடையிலை நிக்கிறன். சுஜா, நான் அங்கை இல்லை!"

"சும்மா சொல்லாதையுங்கோ. இந்தா, புதருக்கு அங்காலை கேக்குது."

அவனுக்கும் கேட்டது. அவனுடைய குரல். அவனுடைய அதே இழுவை.

"இஞ்சாலை வா. கையைத் தா."

"போகாதை!" என்று கத்தினான்.

தொலைபேசிக் கார்ட் வாங்க வந்த யோகராணியக்கா அவன் தோளைத் தொட்டார். "என்ன தம்பி, ஏன் வாயை மட்டும் அசைக்கிறீர்?"

மறுபடி கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. தொண்டைக்குள் குளிர்ந்த வெறுமை.

"இன்னும் ஒரு அடி" என்றது அவன் குரல், அங்கே.

கொம்புகள் விலகின. சுஜாந்தி சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக, பயமில்லாமல்.

கொம்புகள் மூடின. தொலைபேசி சேற்றில் விழுந்தது.

தண்ணீர் மட்டும் ஓடியது. அழைப்பு அறுபடவில்லை. யாரோ தொலைபேசியைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். துடைத்தார்கள். வாய்க்கருகே கொண்டுபோனார்கள்.

"அண்ணை" என்றது சுஜாந்தியின் குரல், அவசரமேயில்லாமல். "வேறை ஆரும் இந்தப் பக்கம் வருகினமோ?"