வளையில் இன்னும் இடம் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, நோயாளிகளைப் படுக்க வைத்துத் தள்ளும் வண்டியில் ஒரு கல் வந்து சேர்ந்தது.

தலையணை அளவு, செம்பழுப்பு நிறம். தள்ளிக்கொண்டு வந்தவர் ஸ்கேன் அக்காவின் அண்ணன். பழைய பாறைகளில் புதைந்துபோன உயிர்களைத் தேடுவது அவர் வேலை. அவள் அந்த மருத்துவமனையில் பதினோரு வருடமாக ஸ்கேன் எடுப்பவள். வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் 'ஸ்கேன் அக்கா'. அண்ணனுக்கு மட்டும் சின்னு. ஞாயிறு மதியம் அந்தப் பக்கம் ஈ காக்கை இருக்காது. பெரிய டாக்டரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தாள்.

"அண்ணா, பேஷண்ட் வயசு கேக்குது. என்ன போட?"

"இருபத்தஞ்சு கோடி."

"மூணு இலக்கத்துக்கு மேல எடுக்காது."

"அப்ப தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னு போடு. கோவிச்சுக்காது."

இருவரும் சிரித்தார்கள். கல்லை மேஜையில் ஏற்றி வைத்துவிட்டு, ஈயத்தகடு பதித்த கதவைச் சாத்திக்கொண்டு வெளி அறைக்கு வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜை மெல்ல நகர்ந்து, இயந்திரத்தின் வட்ட வாய்க்குள் போனது.

"இது ஒரு வளை, சின்னு. கோடைக்கு ஏதோ ஒண்ணு மண்ணைத் தோண்டி உள்ள படுத்திருக்கு. தூங்கும்போதே வெள்ளம் வந்து, சேறு வாசலை அடைச்சிருச்சு. அந்தச் சேறுதான் இப்பக் கல்லு. உடைச்சா எலும்பு நொறுங்கிரும்."

திரையில் வெள்ளையாக எலும்புகள் தெரிந்தன. மூக்கை வாலில் புதைத்துச் சுருண்டு கிடந்தது ஒரு விலங்கு. அதன் முதுகோடு ஒட்டி இன்னொன்று. வேறு இனம், விலா எலும்புகள் முறிந்திருந்தன.

"அடிபட்டு ஒண்டிக்க வந்திருக்கு," என்றார் அண்ணன். "தூங்கிட்டிருந்தது இதை விரட்டவே இல்ல பாரேன்."

அவள் இரண்டுக்கும் பின்னால் விரலை வைத்தாள். அங்கே கறுப்பாக ஒரு வெற்றிடம்.

"இங்க ஏன் சேறு நிரம்பல?"

அவர் திரையை நெருங்கிப் பார்த்தார். சேறு எதையோ சுற்றிக்கொண்டு போயிருந்தது. அந்த ஏதோ ஒன்றுக்கு எலும்பு இல்லை. சுருண்டு படுத்த வடிவம் மட்டும் இருந்தது.

"கல்லைத் திருப்பி வைக்கிறேன். இன்னொரு தடவை எடு," என்று உள்ளே போனார்.

அவர் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது.

உள்ளறை மைக் வழியாக அவர் மூச்சு கேட்டது. பிறகு, "ஈர மண் வாசனை அடிக்குது சின்னு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கதவைத் திற."

அவள் கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை.

"சின்னு, கால்ல சேறு."

கண்ணாடி வழியே பார்த்தாள். தரை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அண்ணன் மட்டும் ஒவ்வொரு காலையும் இரண்டு கையாலும் பிடுங்கிப் பிடுங்கி எடுத்து வைத்தார். பிறகு, சேறு அதுவரை ஏறிவிட்டதுபோல், இடுப்பை. பிறகு முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு மேஜைமேல் ஏறினார்.

"அண்ணா! அங்க ஒண்ணும் இல்ல! என்னைப் பாரு!"

அவர் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கி, கல்லோடு ஒட்டிச் சுருண்டுகொண்டார்.

"இடம் விடுது," என்று கிசுகிசுத்தார்.

மைக்கில் இப்போது இரண்டு மூச்சுகள் கேட்டன.

ஒன்று திணறியது. மற்றது நிதானமாக, தூக்கத்தில் விடுவதுபோல் வந்தது.

அவள் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். மின்சாரம் போனது. திரை அணைந்தது. மைக்கும் நின்றிருக்க வேண்டும்.

மூச்சு நிற்கவில்லை.

சுவரில் காலை உதைத்து, இரண்டு கையாலும் கதவை இழுத்தாள். தோள் பிடித்துக்கொண்டது. ஒரு சாண் திறந்ததும் உடம்பை நுழைத்தாள். உள்ளே வெக்கை முகத்தில் அறைந்தது. அண்ணனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. வாய்க்குள் விரலை விட்டாள்.

செம்பழுப்புச் சேறு. கை நிறைய. மறுபடி கை நிறைய.

மூன்றாவது முறை அவர் இருமினார். குழந்தையைப்போல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "நீயும் படுத்துராதே சின்னு, படுத்துராதே," என்று அரற்றினார்.

மறுநாள் கல்லைப் பெட்டியில் வைத்து ஆணியடித்து, வந்த இடத்துக்கே அனுப்பினார்கள். நுரையீரலில் சளி என்று அண்ணனுக்கு மருந்து கொடுத்தார்கள். அவர் அதற்குப் பிறகு எந்தக் கல்லையும் தொடவே இல்லை. அந்த வேலையையே விட்டுவிட்டார். ஸ்கேன் அக்காவுக்கு விட முடியவில்லை. காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கிறதே.

வியாழக்கிழமை, இருமலுக்காக நெஞ்சு ஸ்கேன் எடுக்க ஒரு பஸ் டிரைவர் வந்தார். வாட்டசாட்டமான ஆள். முடிந்து மேஜை வெளியே வந்ததும் எழுந்து உட்கார்ந்து, வட்ட வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, என்கூட உள்ள யாரைப் படுக்க வச்சீங்க?"

"யாரும் இல்லீங்களே," என்றாள்.

அவர் சட்டையை எடுக்கத் திரும்பினார். அந்தக் குளிர்ந்த அறையில், அவருடைய முதுகு முழுவதும் செம்பழுப்பாக ஈரம் வழிந்துகொண்டிருந்தது.