ஆற்றுக்கா, ஆறுக்கா?

காவல் நிலையத்தில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே அதிகாரியாக இருப்பவர் அவளுடைய அம்மா. பள்ளி விட்டதும் வாயாடி நேராக அங்கே வந்து, மூலை மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுவதைவிடப் பேசுவதுதான் அதிகம்.

அன்று எதிர்க்கடைத் தையல்காரர் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"மேடம், என் பையனைக் காணோம்! நாலு வயசுதான்! மெஷின் சத்தத்துல நான் சரியா கவனிக்கல. 'ஆறுக்குப் போறேன்'னு சொன்னான். நிமிர்ந்து பார்த்தா ஆளைக் காணோம்!"

நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த கணினி, சொல்வதைப் பதிவு செய்து, எங்கே தேடலாம் என்று யோசனை சொல்லும். கண்மூடித் திறப்பதற்குள் அது திரையில் எழுதியது: "ஆற்றங்கரையில் தேடவும்."

"ஐயோ, அவனுக்கு நீச்சல் தெரியாதே!" என்று தையல்காரர் அழுதார். காவலர்கள் வண்டிச் சாவியை எடுத்தார்கள். ஆனால் ஏதோ ஒன்று வாயாடியின் காதை உறுத்தியது.

"அம்மா, மாமா சொன்னதை இன்னொரு தடவை போடுங்க."

"இப்ப விளையாடாதடி!"

"விளையாடலம்மா! தண்ணி ஓடுற ஆறுன்னா 'ஆத்துக்கு'ன்னுதானே சொல்லுவோம்? அவன் 'ஆறுக்கு'ன்னு சொல்லியிருக்கான். அது நம்பரும்மா!"

அம்மா சட்டென்று நின்றார். பதிவை ஓடவிட்டார். 'ஆறுக்கு' என்றுதான் கேட்டது.

"திரையில வந்ததும் நானும் தலையாட்டிட்டேனே!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "சின்னப் பையன், தப்பாவும் சொல்லியிருக்கலாம். ஒரு வண்டி ஆத்துக்கே போகட்டும். அண்ணே, உங்க வீட்டுல ஆறுன்னா வேற என்ன?"

தையல்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அவங்க அம்மா வேலைக்குப் போற பஸ்ஸு! ஆறாம் நம்பர்!"

அம்மா கணினியில் '6' என்று தட்டினார். இப்போது அது தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியது. ஆறாம் எண் பேருந்துகள் எங்கெங்கே போகின்றன, நடத்துநர்களின் தொலைபேசி எண் என்ன என்று மளமளவென்று காட்டியது.

இரண்டாவது அழைப்பிலேயே ஒரு நடத்துநர் சிரித்தார். "இங்கதான் இருக்கான் மேடம்! டிக்கெட் கேட்டா, 'எங்க அம்மா காலையிலேயே எடுத்துட்டாங்க'ங்கிறான்!"

நிலையமே கைதட்டியது. தையல்காரர் வாயாடியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கணினி மட்டும் விடவில்லை. "தவறைத் திருத்தியவரின் பதவி?" என்று கேட்டது.

அம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தட்டினார்: "ஐந்தாம் வகுப்பு."