கையில்லாத கையெழுத்து!

டிரிங்... டிரிங்... டிரிங்...

சூசைநாதன் போனையே முறைத்துக்கொண்டு நின்றான்.

மணி பதினொன்று. பத்து மணிக்கு அடிக்க வேண்டிய போன்! இன்றைக்கு ஒரு மணி நேரம் லேட்.

மூன்று மாதமாக இதே கூத்துதான். தினமும் காலை பத்துக்கு டாண் என்று அடிக்கும். உர்சுலா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து எடுப்பாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குசுகுசுவென்று பேசுவாள். கேட்டால், "பிளவுஸ் ஆர்டருங்க..." என்பாள்.

தினம் ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற அந்த மகராசி யார் என்று சூசைநாதன் கேட்டதில்லை. சம்பாதிக்காத புருஷனுக்குக் கேள்வி கேட்க வாய் வருமா?

இன்றைக்கு உர்சுலா வீட்டில் இல்லை. தைத்த துணியைக் கொடுக்கக் காலையிலேயே தேக்கா கடைத்தெருவுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. வெளியே பேய் மழை.

சூசைநாதன் வலது கையை நீட்டினான்.

சட்டென்று இழுத்துக்கொண்டான்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. அந்தக் கையில் விரல் இல்லை என்பது இன்னும் மண்டையில் ஏறவில்லை, பாருங்கள்! சாங்கி ஏர்போர்ட் கார்கோ குடோனில் இந்த எண்பத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில் ஒரு பெட்டி சரிந்து விழுந்தது. நாலு விரல் அதோடு போயிற்று. கட்டை விரல் மட்டும் பாக்கி. விரலோடு வேலை போனது. வேலையோடு சம்பளம் போனது. தவணையில் வாங்கிய டிவியைக் கடைக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போனான். டிவி இருந்த மேஜையில் இப்போது மாதா சொரூபம் நிற்கிறது.

இடது கையால் எடுத்தான்.

"ஹலோ..."

"ஆங் மோ கியோ சூசைநாதன் வீடா?" கட்டைக் குரல். ஆண் குரல்.

"சூசைநாதன்தான் பேசறேன். பிளவுஸ் ஆர்டரா சார்?"

"போலீஸ். இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன்."

சூசைநாதன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"தேக்கா மளிகைக்கடை மருதப்பனைத் தெரியுமா?"

"அரிசி வாங்குவோம் சார். ஏன்?"

"இனிமே வாங்க முடியாது. காலையில கடைக்குள்ள செத்துக் கிடந்தாரு. மண்டையில அடி. கையில ஒரு புரோநோட்டு. நாலாயிரம் வெள்ளி கடன். கையெழுத்துப் போட்டிருக்கிறது யார் தெரியுமா?"

"யா... யாரு சார்?"

"நீங்க!"

"நானா?!"

"வீட்டிலேயே இருங்க. வந்துகிட்டு இருக்கேன்."

டொக்!

ரிசீவரை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தான். நாலாயிரம் வெள்ளியா? மருதப்பனிடமா? அவன் வாழ்நாளில் மருதப்பனிடம் பேசியதே, "மாமா, பொன்னி அரிசி இருக்கா?" என்கிற அளவுக்குத்தான்!

கதவு திறந்தது.

உர்சுலா! தொப்பலாக நனைந்திருந்தாள். கையில் மஞ்சள் குடை. குடை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி இப்படி நனைவாள்?

"எங்க போனே இவ்வளவு நேரம்?"

"தேக்காவுக்குத்தாங்க..."

"மருதப்பன் செத்துட்டானாம்!"

அவள் கையிலிருந்த பை நழுவித் தரையில் விழுந்தது. உள்ளிருந்து மூன்று பிளவுஸ் எட்டிப் பார்த்தன. கொடுக்கப் போன பிளவுஸ்!

சூசைநாதன் இருந்த பரபரப்பில் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். விதி!

"என் பேர்ல நாலாயிரம் கடன்னு ஒரு காகிதம் வெச்சிருந்தானாம் உர்சுலா. நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்? திருட்டுப் பய! கள்ளக் கையெழுத்து லா, ஃபோர்ஜரி!"

"என்னங்க..." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போலீஸ் வந்தா ஒண்ணும் பேசாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"ஏன் பேசக் கூடாது? நம்ம பக்கம் நியாயம் இருக்கு. நீ போய் தலையைத் துவட்டு. நான் பார்த்துக்கறேன்!"

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவன் 'நான் பார்த்துக்கறேன்' என்று சொன்னான். பாவம்!

*

இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்தார். பிளாஸ்டிக் உறையில் இருந்த புரோநோட்டை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

சூசைநாதன் பார்த்தான். அச்சு அசலாக அவன் கையெழுத்துதான்! கடைசி எழுத்தின் கீழே இழுக்கிற அந்தக் கோடு உட்பட!

ஆனால் தேதி... மார்ச் 14!

சூசைநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார்... இதைப் பாருங்க." வலது கையை இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நீட்டினான். "ஜனவரி இருபதாம் தேதி போச்சு சார். மார்ச் மாசம் நான் ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தேன். நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்? கட்டை விரலாலயா?"

இன்ஸ்பெக்டரும் சிரித்தார்.

"ஆக, இது ஃபோர்ஜரி."

"சத்தியமா!"

"எழுதிக்கலாமா?"

"நல்லா எழுதிக்கோங்க சார்!"

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். சூசைநாதனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. கேட்க ஆளில்லை என்று நினைத்தானா அந்த மருதப்பன்?

"அப்ப இதை எழுதினது யாரு?"

"மருதப்பன்தான் சார்! வேற யாரு?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஒரு விஷயம் இடிக்குது. மருதப்பன் நெத்தி நிறைய விபூதி பூசற ஆளு. அரிசிச் சிட்டை எழுதினாக்கூட மேல பிள்ளையார் சுழி போடாம ஆரம்பிக்க மாட்டாரு. இதுல மேல என்ன இருக்குன்னு பாருங்க."

சூசைநாதன் குனிந்தான்.

காகிதத்தின் உச்சியில், நட்டநடுவே... பொடியாக...

ஒரு சிலுவை!



அந்தச் சிலுவை அவனுக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியும். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் உர்சுலா. மேலே ஒரு சிலுவை போடாமல் அவள் பேனா ஒரு எழுத்து எழுதாது. ஊருக்குக் கடிதமா? சிலுவை. பிளவுஸ் அளவா? சிலுவை.

பாவி மகளே... கள்ளக் கையெழுத்துக்குமா சிலுவை?!

"எதிர்க்கடை இப்ராஹீம் ஒண்ணு சொன்னாரு," இன்ஸ்பெக்டர் நிதானமாகப் பேசினார். "காலையில எட்டரைக்கு மருதப்பன் கடையிலேர்ந்து ஒரு பொம்பளை ஓடினாங்களாம். மழையில முகம் தெரியலை. குடை மட்டும் தெரிஞ்சுதாம். மஞ்சள் குடை."

வாசல் மூலையில் மஞ்சள் குடை சொட்டிக்கொண்டு இருந்தது!

"நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தா கேஸ் ரொம்ப சிம்பிள், மிஸ்டர் சூசைநாதன். கள்ளக் கையெழுத்து போட்டது யாரோ, அவங்களுக்குத்தான் மருதப்பன் சாகணும். அவங்களைப் பிடிச்சா கொலைகாரி கிடைச்சிடுவா. தாங்க்யூ!"

தாங்க்யூவாம்! பெண்டாட்டி கழுத்துக்குத் தன் வாயாலேயே கயிறு திரித்துக் கொடுத்துவிட்டு நிற்கிறான் சூசைநாதன்.

அப்போதுதான் அவன் கண்ணில் அது பட்டது. சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த சாமான் சீட்டு! உப்பு, துவரம்பருப்பு, மண்ணெண்ணெய்... மேலே ஒரு சிலுவை!

மெல்ல நகர்ந்து போய்க் கதவில் சாய்ந்து நின்றான்.

"என்ன மிஸ்டர்? உட்காருங்க."

"பரவாயில்லை சார். நிக்கறேன். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலி..."

இடது கை இன்ஸ்பெக்டர் பார்வையில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் வலது கையால் காகிதத்தைக் கிழிக்கப் பார்த்தான். கட்டை விரல் சுரண்டியது... சுரண்டியது... கிழிக்க இன்னொரு விரல் வேண்டுமே! ஆண்டவரே, ஒரே ஒரு விரல்! ஒரு நிமிஷத்துக்குக் கொடுக்கக் கூடாதா?

காகிதம் அசையவில்லை. சூசைநாதன் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பின்னால என்ன மறைக்கிறீங்க?" இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"சார்! நான்தான் கொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் நின்றார்.

"எந்தக் கையால?"

"இ... இடது கையால!"

"பொய்!"

சமையலறைக்குள்ளிருந்து குரல். உர்சுலா வந்து நின்றாள்.

"அவரால சட்டைப் பட்டனைக்கூடப் போட முடியாது சார். நான்தான் போட்டு விடறேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாது. எழுதினது நான்."

"உர்சுலா! உள்ள போ!"

"எத்தனை நாளைக்குங்க உள்ள போறது?" அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "இவரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப வீட்டுத் தவணை ரெண்டு மாசம் நின்னுபோச்சு சார், ஆஸ்பத்திரிச் செலவு வேற. மருதப்பன் மாமாகிட்ட போனேன். 'பொம்பளையை நம்பிக் கொடுக்க மாட்டேன், உன் புருஷன் கைப்பட எழுதி வாங்கிட்டு வா'ன்னாரு. கையே இல்லாத மனுஷன்கிட்ட நான் என்னத்தை வாங்க? நானே எழுதினேன். மூணு மாசமா தினம் பத்து மணிக்கு போன். 'காசு வரலேன்னா உன் புருஷன்கிட்டயே பேசறேன்'னு மிரட்டல். கை போனதிலேயே பாதி செத்துட்டாரு சார். இதுவும் தெரிஞ்சா மீதியும் செத்துடுவாருன்னு பயந்தேன்."

"இன்னிக்குக் காலையில?"

"இன்னும் ஒரு மாசம் டைம் கேக்கப் போனேன். நோட்டை எடுத்து நீட்டிக் கத்தினாரு. கத்திக்கிட்டே நெஞ்சைப் பிடிச்சாரு. அப்படியே படியில விழுந்துட்டாரு. நான் தொடவே இல்லை சார், மாதா சத்தியமா! சத்தம் போட்டேன். அந்த மழையில யார் காதுல விழும்? பயந்து ஓடிட்டேன். இவ்வளவு நேரமும் மாதா கோயில்ல முட்டி போட்டுக்கிட்டு இருந்தேன்."

"நோட்டு அவர் கையிலேயே இருந்துச்சே? எடுத்துக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே?"

உர்சுலா திகைத்துப் போய்ப் பார்த்தாள்.

"அது... அடுத்தவங்க பொருள் இல்லையா சார்? எடுத்தா திருட்டு ஆயிடாது?"

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

டிரிங்... டிரிங்...

மூவரும் துள்ளினார்கள்.

"எனக்காத்தான் இருக்கும்." இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தார். "எஸ்... சொல்லுங்க டாக்டர்... ம்... ம்... ஷ்யூரா?"

வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஹார்ட் அட்டாக். மண்டை அடி விழுந்ததால வந்தது. கொலை இல்லை."

உர்சுலா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சூசைநாதன் அவள் தலையில் இடது கையை வைத்தான்.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க லா," என்றார் இன்ஸ்பெக்டர். "கொலை போச்சு. ஃபோர்ஜரி அப்படியே இருக்கு. நீங்களே சொல்லி நான் எழுதியிருக்கேன்."

"சார்...!"

"நல்லா கேட்டுக்கோங்க. உங்களுக்குத் தெரியாம இவங்க போட்டிருந்தா அது ஃபோர்ஜரி. இவங்க ஜெயிலுக்குப் போவாங்க. உங்களுக்குக் கடன் கிடையாது. நீங்க சொல்லி இவங்க போட்டிருந்தா ஜெயில் கிடையாது. ஆனா கடன் உங்க தலையில. மருதப்பன் சம்சாரம் பாக்கியலட்சுமியைத் தெரியும்தானே? மருதப்பனே பரவாயில்லைன்னு தோண வெச்சிடுவாங்க. இப்ப சொல்லுங்க. எது உண்மை?"

மாதா சொரூபத்தின் காலடியில் பழுப்பு நிறக் கவர் ஒன்று இருந்தது. போன வாரம் வந்த நஷ்டஈட்டுக் கடிதம். நாலாயிரத்துச் சொச்சம். விரலுக்கு ஆயிரம்! இந்த வீடு கையை விட்டுப் போகாமல் இருக்க அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். திரும்பவும் வீட்டுத் தவணை நிலுவையில் நிற்கிறது.

நாலு விரலும் ஒரு தடவை போனது போதாதா? மறுபடியும் போகணுமா?

"வேணாங்க..." உர்சுலா அவன் காலைப் பிடித்தாள். "நான் ஜெயிலுக்குப் போறேன். வீடாவது நிக்கட்டும்!"

"நீ இல்லாத வீட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" சூசைநாதன் நிமிர்ந்தான். கண்ணீர் பாட்டுக்கு ஓடியது, துடைக்கவில்லை. "நான்தான் சார் போடச் சொன்னேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே சொன்னேன். அந்தக் கடன் என்னோடது. முழுசும் என்னோடது!"

"முன்னே சத்தியம் பண்ணீங்களே?"

"கடனுக்குப் பயந்து புளுகினேன் சார்!"

 இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்திலிருந்து முன்னே எழுதிய பக்கத்தைக் கிழித்தார். மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருபது வருஷ சர்வீஸ். கடனே வாங்கலைன்னு சத்தியம் பண்றவனைத்தான் பார்த்திருக்கேன். என் கடன்தான்னு போலீஸ்கிட்ட அழுது சண்டை போடற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

புதிய பக்கத்தில் கடகடவென்று எழுதினார். 'என் சம்மதத்தோடு, என் மனைவி...' சூசைநாதன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாளைக்கு இல்லாவிட்டால் நாளை மறுநாள், பத்து மணிக்கு மறுபடியும் அந்த போன் அடிக்கும். பாக்கியலட்சுமி பேசுவாள். இனிமேல் அவன்தான் எடுக்க வேண்டும். என்ன சொல்வான்? அவனுக்கே தெரியவில்லை.

"இந்தாங்க. கீழ ஒரு கையெழுத்து." இன்ஸ்பெக்டர் நோட்டையும் பேனாவையும் மேஜை மேல் வைத்தார்.

சூசைநாதன் பேனாவைப் பார்த்தான். தன் வலது கையைப் பார்த்தான்.

உர்சுலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஏழு மாதமாக இந்த வீட்டில் கரண்ட் பில்லிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவள்தானே? பேனாவை எடுத்தாள். குனிந்தாள். பக்கத்தின் உச்சியில் பொடியாக ஒரு சிலுவை போட்டாள். கீழே வந்து, 'சூ' என்று ஆரம்பித்தாள்...

இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன் தொப்பியை வாரிச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"அம்மா தாயே... ஒரே ஒரு நிமிஷம் பொறுங்க! நான் லிஃப்ட்டுல ஏறிக்கிறேன். அப்புறமா போடுங்க!"