சிவப்புச் சுழி

பழைய பள்ளிக்கூடத்தை இடிக்க வந்த முதல் நாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆட்களெல்லாம் ஆறாம் வகுப்பு அறைக்குள் ஒதுங்கிவிட, மேஸ்திரி மட்டும் வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் ரசமட்டம். ஆணியில் தொங்கும் சட்டைகூடச் சாய்ந்திருந்தால் அவருக்குப் பொறுக்காது.

அறைக்குள் ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கடியில் வேறொரு வாடையும் இருந்தது, துருப்பிடித்த ஆணியைப் பல்லில் கடித்ததுபோல.

கட்டடத்துக்கு வரைபடம் போட்ட அம்மா குடையோடு வந்து சுவரைத் தட்டிக் காட்டினார்.

"எல்லாத்தையும் இடிச்சிடுங்க. கண்ணாடியும் கான்கிரீட்டுமா புதுசா எழுப்புவோம். இந்த ஒரு சுவர் மட்டும் நிக்கட்டும். சுத்திக் கண்ணாடி போட்டு வகுப்புக்குள்ளயே வெச்சுடலாம். பழசும் புதுசும் கை குலுக்கற மாதிரி இருக்கும்."

"பழசு கை குடுக்குமான்னு கேட்டீங்களாம்மா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்தாலும் வேலையில் அவருக்கு அக்கறை அதிகம். அடுத்த வருடம் அவர் மகள் ஆறாம் வகுப்பு. "என் பொண்ணு உக்காரப்போற இடம்டா. ஒரு நூல் சாயக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அன்று அவருடைய வருகை நோட்டு மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. அறை அலமாரியில் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு ஒன்று கிடந்தது. பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள். வரிசை எண்கள் மட்டும் போட்டிருந்தன. ஆட்களின் தலைக்கவசங்களிலும் எண்தானே இருக்கிறது என்று அதையே எடுத்துக்கொண்டார். நடுவில் செருகியிருந்த சிவப்புப் பேனா எத்தனை வருடத்துப் பேனாவோ, தொட்டதும் எழுதியது.

"ஒண்ணு!" என்று கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா!" என்று ஒருவன் பள்ளிப் பிள்ளை போல இழுத்தான். அதோடு எல்லோருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

வராதவர்களுக்கு நேராக மேஸ்திரி ஒரு சிவப்புச் சுழி போடுவார். அதில் தயவு தாட்சணியம் கிடையாது. ஒருவனுக்கு இன்னொருவன் குரல் கொடுத்தால் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மேஸ்திரியுடைய மனைவியின் தம்பி, கம்பி கட்டுகிறவன், ஏழாம் எண். தன் மனைவிக்குப் பிரசவம் என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனான். அவனுக்கும் தினம் ஒரு சுழி விழுந்தது. "மச்சான்னா மட்டும் சட்டம் வளையுமா?" என்றார்.

முதலில் பன்னிரண்டாம் எண், பலகை அடிக்கும் தச்சன். ஒரு நாள் வரவில்லை. மறுநாள் தலைக்கவசம் எடுக்க அந்தச் சுவருக்கு அருகே போனான்.

காற்றில் ஏதோ கிழிந்தது.

அலறிக்கொண்டு குப்புற விழுந்தான். சட்டை முழுசாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் முதுகில் மூன்று கோடுகள், தோல் பிளந்து சதை தெரிய. கம்பி ஏதாவது கிழித்திருக்கும் என்று மருந்து போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் நான்காம் எண். இரண்டு நாள் காய்ச்சல். திரும்பி வந்து அதே சுவரருகே நின்றபோது ஆறு முறை கிழிந்தது காற்று. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கியிருந்தான். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. எலும்பு முறிந்த சத்தம் கலவை இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

அன்றைக்கு மேஸ்திரி சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பதிவேட்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். அந்த வாரம்தான் சேர்ந்திருந்த சித்தாள் தண்ணீர் கொண்டுவந்தவள், பக்கத்தைப் பார்த்ததும் செம்பைக் கீழே போட்டாள்.

"இது எங்க வாத்தியார் நோட்டு. நான் இங்கதான் ஆறாவது படிச்சேன்."

"அதுக்கு ஏம்மா பயப்படற?"

"இந்தச் சுழி..." அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "ஒரு சுழிக்கு மூணு அடி. சுவரோட நிக்க வெச்சு அடிப்பாரு. ஒரு பையன் பத்தொம்பது நாள் வரல. அம்மை போட்டிருந்துச்சு அவனுக்கு. வந்த அன்னிக்கு ஐம்பத்தேழு அடி. நாப்பதுலயே அவன் போயிட்டான் மேஸ்திரி. அவர் நிறுத்தல. மிச்சத்தையும் அடிச்சு முடிச்சாரு. அப்புறம் எங்க பக்கம் திரும்பி, எண்ணிக்கை சரியான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரி ஐயான்னோம்."

மேஸ்திரி ஏழாம் எண்ணின் வரிசையில் விரலை வைத்தார். பதினாறு சுழிகள். பதினாறும் அவர் கையால் போட்டவை.

மச்சான் அன்று பகல் பஸ்ஸில் வருகிறான்.

போன் போட்டார். எடுக்கவில்லை. பிளேடால் சுழிகளைச் சுரண்டினார். தாள் நைந்ததே தவிர சிவப்பு போகவில்லை. சுரண்டிய இடத்தில் ஈரமாக ஊறி வந்தது. பதிவேட்டை வீசிவிட்டு வாசலுக்கு ஓடினார். தெருவில் யாரும் இல்லை.

"அத்தான்! ஆம்பளப் பிள்ள!"

குரல் பின்னாலிருந்து வந்தது. கொல்லைப்பக்க வேலியைத் தாண்டி வந்திருந்தான் பாவி. கையில் மிட்டாய்ப் பெட்டி. சுவரில் மாட்டியிருந்த ஏழாம் எண் தலைக்கவசத்தை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், தள்ளி வா! அங்க நிக்காத!"

கிழிந்தது.

பெட்டி பறந்தது. மச்சான் சுவரோடு மோதி நின்றான். யாரோ கழுத்தைப் பிடித்து அழுத்தியதுபோல நெற்றி சுண்ணாம்பில் புதைந்தது. இரண்டு. மூன்று. வெள்ளைச் சட்டையில் சிவப்பு படர்ந்தது. ஆறு. ஏழு. காது பாதியாகக் கிழிந்து தொங்கியது. ஆட்கள் மூலைக்கொருவராக உறைந்து நிற்க, மேஸ்திரி ஓடிப்போய் அவன் முதுகை மூடிக் கட்டிக்கொண்டார்.

அடி அவரைத் தொடவில்லை.

அவரைத் தாண்டி அவனுக்கே விழுந்தது. நெஞ்சோடு அணைத்திருந்த உடம்பு ஒவ்வொரு அடிக்கும் துள்ளுவது மட்டும் அவருக்குத் தெரிந்தது. ஒன்பது. பத்து. அவன் தோளெலும்பு உடைந்ததை அவர் தன் மார்பில் உணர்ந்தார்.

ஏழாம் எண்ணுக்குத்தான் இந்த அடி. அவர் ஏழாம் எண் இல்லை.

பதினொன்று.

மேஸ்திரி தன் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தார். கீழே உருண்டு கிடந்த ஏழாம் எண்ணை எடுத்துத் தலையில் மாட்டினார். வாழ்நாளில் ஒருவனுக்கு இன்னொருவன் குரல் கொடுக்க விடாத மனிதர், தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏழு! உள்ளேன் ஐயா!"

எல்லாம் நின்றது. மச்சான் சரிந்து விழுந்தான்.

மேஸ்திரி தானாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். தானாகவா, திருப்பப்பட்டாரா என்பது யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டிலிருந்து தொடங்கியது. தரையில் கிடந்தபடி மச்சான் எண்ணினான். எண்ணாமல் இருக்க அவனால் முடியவில்லை. இருபதில் முதுகெலும்பு வெளியே தெரிந்தது. சுவரெல்லாம் ரத்தம் தெறித்து வழிந்தது. முப்பதில் மேஸ்திரியின் மூச்சு அடங்கிவிட்டது. ஆனாலும் அவர் விழவில்லை. விழ விடவில்லை. மிச்சம் பதினெட்டும் செத்த உடம்பின் மேல் விழுந்தன.

பிறகு மச்சானின் காதருகே பொறுமையான ஒரு குரல் கேட்டது.

"எண்ணிக்கை சரியா?"

"சரி ஐயா" என்றான் அவன். அதைச் சொன்னதற்காக அவன் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

சாரம் சரிந்து விபத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பள்ளி திறந்தது. வெளிச்சம் கொட்டும் வகுப்புகள், சத்தமில்லாமல் நகரும் கதவுகள். ஆறாம் வகுப்பில் கண்ணாடிக்குள் அந்தச் சுவர் மட்டும், கழுவித் துடைத்து, வெள்ளையாக நின்றது.

மேஸ்திரியின் மகளை அங்கேதான் சேர்த்தார்கள். மச்சான் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். "உங்க அத்தான் அவளுக்காகக் கட்டுனதுடா" என்று அக்கா அழுதபோது அவனால் மறுக்க முடியவில்லை. அவளுக்கு வரிசை எண் ஏழு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இரண்டாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு முன்பாகவே வகுப்புக்குள் நுழைந்து, மச்சான் விடுப்புக் கடிதத்தை நீட்டினான்.

டீச்சர் இளம்பெண். கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"லீவா? ரெண்டு நாளும் வந்ததா இருக்கே. பசங்க 'எஸ் மிஸ்'னு சொல்லுவாங்க. இந்த ரெண்டு நாளும் ஏழாம் நம்பர் கூப்பிட்டப்ப மட்டும் யாரோ கட்டைக் குரல்ல 'உள்ளேன் ஐயா'ன்னாங்க. என்னைப் போய் ஐயாங்கறது யாருன்னு நான் அதட்டக்கூடச் செஞ்சேன்."

மச்சான் சுவரைப் பார்த்தான். யார் கையும் நுழைய முடியாத கண்ணாடிக்குப் பின்னால், வெள்ளைச் சுண்ணாம்பில் ஆறு சிவப்புக் கோடுகள். மும்மூன்றாக. இன்னும் ஈரம் காயவில்லை.

சிறுமி அவனைத் தாண்டிப் போய்க் கண்ணாடியில் கன்னத்தை வைத்து, கொஞ்ச நேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள் மெதுவாக, "இனிமே எனக்கு எவ்வளவு காய்ச்சல் வந்தாலும் நான் ஸ்கூலுக்கு வந்துடறேன்."