பின்னால் நின்று சொல்பவர்

இடது இண்டிகேட்டரைப் போட்டால் ட்ரக்குக்குப் பின்னால் மாட்டியிருந்த கேம்பர் என்ற இழுவை வீட்டின் பின்விளக்குகள் இரண்டும் சேர்ந்து மங்கலாகத் துடித்தன. பிரேக்கை மிதித்தால் வலது மட்டும் எரிந்தது. இடது, யாரோ உள்ளங்கையால் பொத்திக்கொண்டதுபோல் உள்ளுக்குள்ளேயே சிவந்து கிடந்தது.

“கிறிஸ்துமஸ் மரம் தோத்துச்சு, போ!” என்று பின்னாலிருந்து கத்தினார் வெர்ன். ஏரிக்கரை முகாமின் காவலாளி. சீசன் முடிந்து, தண்ணீர்க் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தவரை கோல்பிதான் கூப்பிட்டு நிறுத்தியிருந்தான். ஒருவர் ட்ரக்கில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் கேம்பருக்குப் பின்னால் நின்று சொல்ல வேண்டும். கடைசியில் “எல்லாம் சரி” என்று குரல் வந்தால் வண்டி நகரும். கேம்பர் இழுக்கும் தம்பதிகள் அப்படித்தான் கிளம்புவார்கள். ஏப்ரலில் சாகும்வரை அப்படிப் பின்னால் நின்றவள் அவன் மனைவி மார்னி.

“எர்த் போயிருக்கு தம்பி. அந்த வெள்ளை ஒயரப் பாரு. பனி கொட்டுறதுக்குள்ள கணவாயத் தாண்டிடு. இல்லேன்னா வசந்தம் வரைக்கும் நான் வைக்கிற சூப்புதான் உனக்கு.”

“அதுக்குப் பனியே தேவல, பெரியவரே.”

வெர்ன் சிரித்தபடி தன் பிக்கப்பில் ஏறிப் போனார். மரங்களுக்கு அப்பால் அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கியது.

ட்ரக்கின் பின்சீட்டில் மகள் டெஸ் தூங்கினாள். மூன்று வயது. குழந்தை இருக்கையின் வார் இறுக்கிப் பூட்டியிருந்தது. அவளுக்குக் குளிராமலிருக்க என்ஜினை ஓடவிட்டிருந்தான். கணவாய்க்கு அந்தப் பக்கம் மார்னியின் அக்கா வீடு. இனி அவனுக்கு இருப்பது டெஸ் மட்டும்தான்.

கேம்பருக்கு அடியில் மல்லாந்து படுத்தான். ஏரியிலிருந்து ஏறி வந்த மூடுபனி சக்கரங்களுக்கிடையே நுழைந்து, ஈரச் சரளையும் துருவும் பழைய கிரீஸும் கலந்த வாடையை அவன் முகத்தின் மேல் மெதுவாக இறக்கியது. தலைக்கு மேலே தகரத் தரை, காலி வீட்டில் யாரோ பாதம் மாற்றி நிற்பதுபோல், அவ்வப்போது முனகி அடங்கியது. குளிருக்குச் சுருங்கும் தகரம். அவ்வளவுதான். வெள்ளை ஒயரைச் சட்டத்தோடு பிணைத்த போல்ட்டைக் கழற்றினான். உப்புத்தாளால் துருவைத் தேய்த்தான். மறுபடி முறுக்கினான்.

ட்ரக்கில் ஏறி ஹேண்ட் பிரேக்கை எடுத்தான். பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட்டான். பழக்கதோஷம், ஜன்னல் வழியாகக் கத்திவிட்டான்.

“பிரேக்?”

“எரியுது.”

வெர்ன் திரும்பி வந்துவிட்டார் போல.

“இடது?”

“எரியுது.”

பிக்கப் வந்த சத்தம் கேட்கவில்லை. இரண்டாவது முறை அந்தக் குரலின் கடைசி எழுத்து கொஞ்சம் நீண்டது. அப்படி நீட்டுகிறவள் ஒருத்திதான்.

கியரை, வண்டியை நகரவிடாத ‘பார்க்’கில் தள்ளினான். இறங்கினான். கதவைச் சாத்தவும் தோன்றவில்லை. கேம்பரின் பக்கவாட்டைத் தடவியபடி பின்னால் போனான். தகரம் சில்லிட்டிருந்தது. பின்னால் யாருமில்லை. மூடுபனி. சரளை. மார்னி வழக்கமாக நிற்கும் இடத்தில் இப்போது அவன் நின்றான்.

முன்னால் ட்ரக்கின் கதவு சாத்திக்கொண்டது.

பிரேக் விளக்குகள் எரிந்தன. இரண்டும். பளிச்சென்று. அவன் கைகள் சிவப்பாயின.

டெஸ்ஸின் கால் எட்டாது. அந்த வாரை அவளால் அவிழ்க்க முடியாது.

“எரியுதா, கோல்பி?”

அவள் குரல். ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

ஓர் அடி எடுத்து வைத்தான். சிவப்பு அணைந்தது. சக்கரம் ஒரு விரற்கடை உருண்டது.

நின்றான்.

மறுபடி சிவப்பு.

புரிந்தது. அசையக் கூடாது. பதில் சொல்லக் கூடாது. சொன்னால் வண்டி போய்விடும். டெஸ்ஸோடு.

“எல்லாம் சரியா?”

வாயைப் பொத்திக்கொண்டான். பற்கள் உள்ளங்கையில் பதிந்தன. என்ஜின் ஓடியது. சிவப்பு வெளிச்சத்தில் மூடுபனி அசைந்தது.

“கோல்பி? எல்லாம் சரியா?”



உள்ளே ஒரு சிணுங்கல். டெஸ் விழித்துவிட்டாள். பிறகு சிரிப்பு. ஏப்ரலுக்குப் பிறகு அவன் கேட்டிராத சிரிப்பு.

“எல்லாம் சரிம்மா!”

விளக்குகள் இரண்டும் ஒன்றாக அணைந்தன. சரளை நொறுங்கத் தொடங்கியது.